கிளர்வு என்னும் ஒற்றை அளவுகோல்: கவனம், உளமுயற்சி பற்றிய மூளையியல் கோட்பாடுகள் மீது ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

கவனமும் உளமுயற்சியும் மூளையின் கிளர்வு நிலையைச் சார்ந்தவை என்பதும், கிளர்வு குறைந்தாலும் மிகுந்தாலும் செயல்திறன் கெடும் என்பதும் உளவியல் நூல்களில் நிலைபெற்றுவிட்ட கருத்துகள். 1908இல் யெர்கீஸ், டாட்சன் ஆகியோர் நிகழ்த்திய எலிச் சோதனை முதல் ஆஸ்டன்-ஜோன்ஸ், கோஹன் ஆகியோர் 2005இல் முன்வைத்த கோட்பாடு வரை இக்கருத்து கைமாறி வந்த வழியை இக்கட்டுரை திறனாய்கிறது. ‘கிளர்வு’ என்னும் ஒரே சொல் தனித்தனியே இயங்கவல்ல பல மூளைத் தொகுதிகளை ஓர் அளவுகோலில் அடக்கிவிடுகிறது என்பதும், அவ்வளவுகோலை விதியாகக் கொள்ளும் விளக்கங்கள் எம்முடிவுக்கும் பொருந்திப்போகின்றன என்பதும் இதன் வாதம். தமிழ்க் கலைச்சொல் ஆக்கத்தில் இதனால் நேரும் சிக்கலும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கிளர்வு, விழிப்பு, கவனம், உளமுயற்சி, நோர்அட்ரினலின், யெர்கீஸ்–டாட்சன் விதி, கலைச்சொல்.

முன்னுரை

உளவியல், கல்வியியல் வகுப்புகளில் பயின்ற எவரும் அறிந்த வரைபடம் ஒன்று உண்டு. கிடைக்கோட்டில் கிளர்வு, செங்குத்துக்கோட்டில் செயல்திறன், இடையில் கவிழ்த்த பானையின் வடிவில் ஒரு வளைவு. உறக்கச் சோர்வில் இருப்பவன் இடப்பக்க அடிவாரத்தில் நிற்கிறான். பதற்றத்தில் நடுங்குபவன் வலப்பக்க அடிவாரத்தில். மிதமான கிளர்வு உடையவன் உச்சியில். தேர்வு அச்சம், விளையாட்டு வீரரின் தடுமாற்றம், இரவுப்பணியாளரின் அயர்வு என யாவற்றுக்கும் இப்படமே விளக்கமாகக் காட்டப்பெறுகிறது. இதற்கு ‘யெர்கீஸ்–டாட்சன் விதி’ என்று பெயரும் உண்டு. இதனை ஈண்டுக் ‘கவிழ்வளைவு’ எனச் சுருங்கக் குறிப்போம்.

இவ்வளைவு ஓரளவு பட்டறிவோடு பொருந்துவதாலேயே ஐயத்திற்கு இடமின்றி ஏற்கப்படுகிறது. ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது: கிடைக்கோட்டில் எழுதப்பட்டுள்ள ‘கிளர்வு’ என்பதை அளப்பது எவ்வாறு? இதயத்துடிப்பா, மூளை மின்னலையா, கண்மணியின் விட்டமா, தோலின் மின்கடத்தலா? இவை யாவும் ஒருங்கே ஏறி இறங்குமாயின் வினாவுக்கு இடமில்லை. அவை அவ்வாறு ஒருங்கியங்குவதில்லை என்பது அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தெரிந்த செய்தி. அங்ஙனமாயின் அவ்வளைவு எதனைக் காட்டுகிறது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கல்.

1908ஆம் ஆண்டுச் சோதனையும் அதன் பெயரர்களும்

ராபர்ட் யெர்கீஸும் ஜான் டாட்சனும் 1908இல் வெளியிட்ட கட்டுரை தூண்டலின் வலிமைக்கும் பழக்கம் உருவாகும் விரைவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றியது. ‘நடன எலி’ எனப்படும் ஒருவகைச் சுண்டெலிக்கு இரு பெட்டிகள் காட்டப்பெற்றன. ஒன்று வெள்ளை, மற்றது கருப்பு. கருப்புப் பெட்டிக்குள் நுழைந்தால் மின்னதிர்ச்சி. எலி பிழையின்றி வெள்ளையைத் தேர்ந்தெடுக்க எத்தனை முயற்சிகள் தேவைப்பட்டன என்பதே அளவு. பெட்டிகளின் மீது விழும் ஒளியை மாற்றி வேறுபடுத்தலை எளிதாகவோ கடினமாகவோ ஆக்கினர். எளிய வேறுபடுத்தலில் அதிர்ச்சி கூடக்கூடக் கற்றலும் விரைவாயிற்று. அங்கே கவிழ்வளைவு இல்லை. கடினமான வேறுபடுத்தலில் இடைப்பட்ட அதிர்ச்சியே சிறந்த பயன் தந்தது. ஒவ்வொரு குழுவிலும் இருந்தவை மிகச் சில எலிகளே.

இக்கட்டுரையில் ‘கிளர்வு’ என்னும் கருத்து இல்லை. கவனம் இல்லை, மன உளைச்சல் இல்லை, மூளையும் இல்லை. சோதனையாளர் வெளியிலிருந்து தந்த தூண்டலின் வலிமையும் பழக்கம் கற்கப்பட்ட வேகமும் மட்டுமே உண்டு. கற்றலுக்கான சோதனை இது. முன்பே கற்றுக்கொண்டதை நெருக்கடியில் வெளிப்படுத்துவதற்கான சோதனை அன்று. தேர்வு எழுதும் மாணவரின் நிலை பின்னதைச் சார்ந்தது என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளலாம்.

1957இல் பிராட்ஹர்ஸ்ட் எலிகளை நீருக்கடியில் சில நொடிகள் நிறுத்திவைத்து, பின் ஒளி வேறுபாட்டைக் கொண்டு வழிகண்டு நீந்தச் செய்து இவ்விதியைச் சோதித்தார். காற்றுக்கான வேட்கை இங்கே தூண்டலின் இடத்தைப் பெற்றது. அதற்கு ‘ஊக்கல்’ எனப் பெயரும் இடப்பட்டது. பின்வந்த நூல்களில் ஊக்கல் இருந்த இடத்தில் கிளர்வும், கிளர்வு இருந்த இடத்தில் பதற்றமும், பதற்றம் இருந்த இடத்தில் மன அழுத்தமும் வந்தமர்ந்தன. வளைவு மட்டும் மாறவில்லை. நார்வே உளவியலாளர் கார்ல் ஹால்வார் டைகன் 1994இல் இவ்வரலாற்றைத் தொகுத்து, எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற விதியாக இது எவ்வாறு உருமாறியது என்று காட்டினார். அவருடைய கட்டுரை கிடைத்த பின்னரும் பாடநூல்கள் பழைய படத்தையே அச்சிட்டு வருவது வியப்புக்குரியது.

மூளைத்தண்டிலிருந்து ஒரு சொல்

கிளர்வு என்னும் கருத்து உளவியலுக்கு வந்தது வேறொரு வாயிலின் வழியே. பெல்ஜிய உடலியலாளர் பிரெடரிக் பிரெமர் 1935இல், பூனையின் நடுமூளை மட்டத்தில் மூளைத்தண்டை வெட்டினால் பெருமூளை உறக்க அலைகளிலேயே தங்கிவிடுவதையும், முகுளத்திற்குக் கீழே வெட்டினால் உறக்கமும் விழிப்பும் மாறிமாறி வருவதையும் கண்டார். இவ்விரு வெட்டுகளுக்கும் இடைப்பட்ட பகுதியில் விழிப்பைக் காக்கும் ஏதோ ஒன்று உள்ளது என்பது தெளிவாயிற்று. 1949இல் ஜூசெப்பே மொருஸ்ஸியும் ஹொரேஸ் மகூனும் அவ்வேதோ ஒன்றை மூளைத்தண்டின் வலையமைப்பில் இனங்கண்டனர். இலேசான மயக்கத்திலிருந்த பூனையின் வலையமைப்பில் மின்தூண்டல் அளித்தபோது, பெருமூளைப் புறணியின் பெரிய, மெதுவான அலைகள் மறைந்து சிறிய, விரைவான அலைகள் தோன்றின. விழித்தெழும் விலங்கின் மூளையலைகளும் அத்தகையனவே.

இக்கண்டுபிடிப்பை உளவியல் கோட்பாடாக்கியவர் டொனால்டு ஹெப். 1955இல் வெளிவந்த அவரது கட்டுரையின் கருத்து எளிமையும் அழகும் உடையது. புலன்வழி வரும் ஒவ்வொரு செய்தியும் இரு பணிகளைச் செய்கிறது: ஒன்று, எதைச் செய்வது என வழிகாட்டுதல், மற்றொன்று, செய்வதற்கான கிளர்வை வலையமைப்பின் வழியே ஊட்டுதல். கிளர்வு இன்றேல் வழிகாட்டல் பயன்படாது; கிளர்வு மிகின் வழிகாட்டல் குழம்பும். இங்கே கவிழ்வளைவு முறையாக வரையப்படுகிறது. ஹெப் மையநரம்பு மண்டலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளையே எடுத்துக்கொண்டு, தாம் பேசுவது ‘கருத்தளவிலான நரம்பு மண்டலம்’ எனச் சொல்லாடினார். பின்வந்தோர் அந்நகையைத் தவறவிட்டனர் என்றே கொள்ள வேண்டும். அவர் கருத்தளவில் வரைந்த அச்சு, உடலில் அளக்கத்தக்க ஒன்றாகவே கருதப்படலாயிற்று.

அளவைகள் ஒன்றையொன்று மறுத்தல்

ஹெப்பின் கட்டுரைக்கு முன்னரே மறுப்புச் சான்று ஒன்று வெளிவந்திருந்தது. 1952இல் ஆபிரகாம் விக்லர் நாய்களுக்கு அட்ரோபின் மருந்தை அளித்தார். நாய்கள் விழித்திருந்தன, நடமாடின. அவற்றின் மூளை மின்னலைகளோ உறக்கத்தைக் காட்டின. மூளையலை ஒன்றைச் சொல்ல, நடத்தை வேறொன்றைச் சொல்லிற்று.

1967இல் ஜான் லேசி இவ்வகைச் சான்றுகளைத் திரட்டி எழுதிய விமர்சனமே இத்துறையில் முழுமையானது என்பது இக்கட்டுரையாளரின் மதிப்பீடு. புறணியின் கிளர்வு, தன்னியக்க நரம்புகளின் கிளர்வு, நடத்தையின் கிளர்வு ஆகிய மூன்றும் பெரும்பாலும் உடன்செல்லினும் பிரிந்து நிற்கவும் வல்லவை என அவர் காட்டினார். அவர்தம் சோதனைகளுள் ஒன்று கவனத்தைப் பற்றிய எவ்வாய்வுக்கும் அடிப்படையாகத் தக்கது. புறத்தே தோன்றும் ஒளியையோ ஒலியையோ ஒருவர் கூர்ந்து நோக்கும்போது அவரது இதயத்துடிப்பு குறைகிறது. மனக்கணக்குப் போடும்போது கூடுகிறது. தோலின் மின்கடத்தலோ இரு வேளைகளிலும் உயர்கிறது. கூர்ந்து நோக்குபவர் கிளர்வு மிக்கவரா, குறைந்தவரா? ஒற்றை அளவுகோலில் இதற்கு விடையில்லை.

மருத்துவ வழக்கிலிருந்தும் ஒரு சான்று தரலாம். கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறுக்கு அளிக்கப்படும் மருந்துகளுள் மெத்தில்பெனிடேட் ஊக்கி வகையைச் சார்ந்தது. 2009இல் அமெரிக்காவில் அதே கோளாறுக்கு ஒப்புதல் பெற்ற குவான்ஃபசின் இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் மருந்தாக முன்பே பயன்பட்டது. உறக்க மயக்கம் அதன் பக்கவிளைவு. ஊக்குவதும் தணிப்பதும் ஒரே குறையைப் போக்குகின்றன. கவிழ்வளைவை நம்புவோர், முதல் மருந்து பெறுவோர் இடச்சரிவிலும் இரண்டாம் மருந்து பெறுவோர் வலச்சரிவிலும் நின்றனர் எனலாம். மருந்து பயன்பட்டதைக் கண்ட பின்னரே நோயாளியின் இடம் முடிவு செய்யப்படுகிறது என்பதே அவ்விளக்கத்தின் குறை.

ஏமி ஆர்ன்ஸ்டனின் ஆய்வுகள் இதற்குப் பொருத்தமான விளக்கம் தருகின்றன. முன்நுதல் புறணியில் நோர்அட்ரினலின் மிதமான அளவில் சுரக்கும்போது ஆல்ஃபா-2ஏ ஏற்பிகளில் பற்றி, நினைவில் ஒன்றை ஏந்திநிற்கும் நரம்பணுத் தொடர்புகளை வலுப்படுத்துகிறது. மன அழுத்தத்தில் அது மிகுதியாகச் சுரக்கும்போது பற்றுதல் குறைந்த ஆல்ஃபா-1 ஏற்பிகளும் இயங்கத் தொடங்கி அதே தொடர்புகளைத் தளர்த்துகின்றன. குவான்ஃபசின் முதல்வகை ஏற்பியின் இடத்தில் நின்று வேலை செய்கிறது. இங்கும் வளைவு ஒன்று பிறக்கிறது. ஆனால் அதன் இரு சரிவுகளும் இரு வேறு ஏற்பிகளின் பணி. எம்மூளைப்பகுதி, எவ்வேதிப்பொருள், எவ்வேற்பி என்பன சொல்லப்பட்டமையால் இதனைச் சோதித்து மறுக்கவும் முடியும்.

பல தொகுதிகள்

1960களில் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் ஒளிர்வு நுண்ணோக்கல் முறையால் மூளைத்தண்டின் நரம்பணுக்களை வேதிப்பொருள் வாரியாகப் பிரித்துக் காட்டினர். 1964இல் டால்ஸ்ட்ரோமும் ஃபுக்ஸேவும் வெளியிட்ட வரைபடத்திற்குப் பின் ‘வலையமைப்பு’ என்ற பொதுப்பெயர் தன் விளக்க ஆற்றலை இழந்தது. நோர்அட்ரினலின் சுரக்கும் லோகஸ் செருலியஸ், செரட்டோனின் சுரக்கும் ரஃபே அணுத்திரள்கள், டோபமின் சுரக்கும் நடுமூளைப் பகுதிகள், பின் ஹைப்போதலாமசின் ஹிஸ்டமின் அணுக்கள், அடிமுன்மூளையின் அசிட்டைல்கோலின் அணுக்கள், 1998இல் கண்டறியப்பட்ட ஒரெக்சின் ஆகியன தனித்தனித் தொகுதிகள்.

இவற்றுள் எது விழிப்புக்கு இன்றியமையாதது என்ற வினாவுக்குக் கிடைத்த விடை எதிர்பார்ப்புக்கு மாறானது. 2007இல் பிளாங்கோ-செஞ்சூரியனும் உடன் ஆய்வாளர்களும் எலிகளில் லோகஸ் செருலியஸ், ஹிஸ்டமின் அணுக்கள், அடிமுன்மூளையின் அசிட்டைல்கோலின் அணுக்கள் ஆகிய மூன்றையும் ஒருங்கே அழித்தனர். எலிகள் ஒரு நாளில் விழித்திருந்த நேரத்தின் மொத்த அளவு மாறவில்லை. ஒரெக்சின் அணுக்களை இழந்த துயில்மயக்க நோயாளிகளும் இருபத்துநான்கு மணி நேரக் கணக்கில் பிறரைவிட மிகுதியாக உறங்குவதில்லை. அவர்களின் விழிப்பு நிலைத்து நிற்பதில்லை என்பதே குறை. ‘கிளர்வுத் தொகுதிகள்’ எனப் பெயர் பெற்றவற்றின் முதன்மைப் பணி விழிப்பின் அளவைக் கூட்டுவதன்று. விழிப்பு எத்தன்மையதாய் அமைய வேண்டும், எவ்வளவு நேரம் குலையாது நிற்க வேண்டும், எதன்மீது குவிய வேண்டும் என்பவற்றை அவை சீர்செய்கின்றன என்றே இச்சான்றுகளைப் படிக்க வேண்டியுள்ளது.

கிளர்வுக் கோட்பாட்டின் வலுவான சான்று

மறுப்பை மட்டும் அடுக்குவது திறனாய்வாகாது. கிளர்வு என்னும் பொதுக்கருத்துக்கு ஆதரவான சான்றுகளுள் வலுவானவை நீடித்த கண்காணிப்புப் பற்றிய ஆய்வுகளிலிருந்து வந்தவை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ராடார் திரையை நெடுநேரம் நோக்கியிருந்தோர் அடையாளங்களைத் தவறவிட்டமையால், நார்மன் மாக்வொர்த் கேம்பிரிட்ஜில் ஒரு கடிகாரச் சோதனையை அமைத்தார். எண்கள் அற்ற முகப்பில் ஒரு முள் சிறுசிறு தாவல்களாக நகரும். எப்போதேனும் ஒருமுறை இரட்டைத் தாவல் தாவும். அதனைக் கண்டு தெரிவிக்க வேண்டும். இரண்டு மணி நேரச் சோதனையில் முதல் அரைமணிக்குப் பின்னரே தவறவிடுதல் குறிப்பிடத்தக்க அளவில் கூடிற்று. ஆம்பெட்டமின் வகை மருந்து அளிக்கப்பட்டோரிடம் அச்சரிவு காணப்படவில்லை.

1963இல் வில்கின்சன் செய்த ஆய்வு இதனினும் நுட்பமானது. பேரிரைச்சல் நன்கு உறங்கியவரின் வேலையைக் கெடுத்தது. உறக்கம் இழந்தவரின் குறையையோ தணித்தது. தனித்தனியே தீங்கான இரண்டு, சேர்ந்தபோது ஒன்றையொன்று ஈடுசெய்தன. ஒன்று கிளர்வைக் கூட்டுகிறது, மற்றது குறைக்கிறது எனக் கொண்டால் இது எளிதில் விளங்கும். கவிழ்வளைவுக்கு முன்கூட்டியே சொல்லத்தக்க கணிப்பு உண்டென்றால் அது இவ்வகையினதே. இச்சான்றை ஒதுக்கிவிட்டு ஒற்றைக் கிளர்வை மறுப்பது முறையன்று.

எனினும் இவ்வகைச் சான்றுகளை மிக நெருக்கமாக அறிந்திருந்த டொனால்டு பிராட்பென்ட் 1971இல் எழுதிய நூலில் ஒற்றைக் கிளர்வைக் கைவிட்டு இரு இயங்குமுறைகளை வகுத்தார். கீழ்நிலை இயங்குமுறை பழகிய முடிவுகளை நிறைவேற்றும். மேல்நிலை இயங்குமுறை கீழ்நிலையைக் கண்காணித்து அதன் ஏற்றத்தாழ்வை ஈடுசெய்யும். உறக்கமின்மையும் இரைச்சலும் கீழ்நிலையைத் தாக்குவன. வேலை நீடிப்பதால் வரும் சோர்வு மேல்நிலையைத் தாக்குவது. தம் சான்றுகளே தம்மை அவ்விடத்திற்கு இட்டுச்சென்றன என்பதை மறைக்காமல் அவர் எழுதியுள்ளமை பாராட்டத்தக்கது.

கானமனின் ‘முயற்சி’

டேனியல் கானமன் 1973இல் வெளியிட்ட ‘கவனமும் முயற்சியும்’ என்னும் நூலே இத்துறையில் இன்றும் கற்கத்தக்க முதன்மை நூல். அதன் வேர் 1966இல் ஜாக்சன் பீட்டியுடன் அவர் செய்த சோதனையில் உள்ளது. எண்களின் வரிசை ஒன்றை நொடிக்கு ஒன்றாகக் கேட்டு மனத்தில் இருத்தும்போது ஒவ்வோர் எண்ணுக்கும் கண்மணி சிறிது விரிகிறது; திரும்பச் சொல்லும்போது ஒவ்வோர் எண்ணாகச் சுருங்குகிறது. எண்களை மாற்றிச் சொல்லும் கடினமான பணியில் விரிவு மேலும் கூடுகிறது. உள்ளத்தின் உழைப்பைக் கண்ணில் காணலாம் என்னும் இக்கண்டுபிடிப்பு கவர்ச்சியும் திட்பமும் உடையது.

இந்நூலின் சிறந்த கருத்து ஒன்று பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது. எவ்வளவு முயற்சி செலவிடப்படும் என்பதைத் தீர்மானிப்பது முதன்மையாகப் பணியின் கடினமே. மனிதனின் விருப்பம் அதற்கு அடுத்ததே. எளிய கூட்டலைச் செய்யும்போது கடினமான பெருக்கலுக்குரிய முயற்சியைச் செலவிட எவராலும் இயலாது. ‘இன்னும் முயன்றிருக்கலாமே’ என மாணவரைக் கடியும் ஆசிரியர்கள் எண்ணிப்பார்க்க வேண்டிய கருத்து இது.

குறையும் இந்நூலிலேயே உள்ளது. முயற்சியைக் கிளர்வின் ஒரு வகையாகவே கானமன் கொண்டார். அச்சமோ மருந்தோ தரும் கிளர்வு வேறு, பணியால் எழும் கிளர்வு வேறு என அவர் பிரித்துணர்ந்தும், இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டினார். மேலும், கவிழ்வளைவை ஏற்றுக்கொண்ட பின் அதன் இரு சரிவுகளுக்கும் அவர் தரும் காரணங்கள் வெவ்வேறானவை. கிளர்வு குறைந்தவர் பணிக்குரிய மனநிலையை மேற்கொள்வதில்லை. தம் செயலின் தரத்தை மதிப்பிட்டுத் திருத்திக்கொள்வதும் இல்லை. கிளர்வு மிகுந்தவரின் கவனம் குறுகுகிறது, அலைகிறது, நுண்ணிய வேறுபாடுகளை அடிப்படையாகக் கொண்டு அதனை ஆள முடிவதில்லை. காரணங்கள் இரண்டாயின் அங்கே இரு நிகழ்வுகள் உள. அவற்றை ஒரு கோட்டால் இணைத்து வளைவாக வரைவது வரைபவரின் வசதிக்காகவே. இம்முடிவுக்கு மிக அருகில் வந்தும் கானமன் அதனைக் கூறாமல் விட்டார்.

கண்மணியும் அவர் எண்ணிய அளவுக்குத் தெளிவான சாட்சி அன்று. 2016இல் குரங்குகளில் செய்யப்பட்ட ஆய்வு, கண்மணி விட்டம் லோகஸ் செருலியஸின் இயக்கத்தோடு மட்டுமன்றி நடுமூளை மேடுகள், சிங்குலேட் புறணி ஆகியவற்றின் இயக்கத்தோடும் இணைந்து மாறுவதைக் காட்டிற்று. அதே ஆண்டில் சுண்டெலிகளில் செய்யப்பட்ட மற்றோர் ஆய்வில் விரைவான விரிவுகள் நோர்அட்ரினலின் இழைகளோடும் நீடித்த விரிவுகள் அசிட்டைல்கோலின் இழைகளோடும் தொடர்புற்றிருந்தன. எனவே கண்மணி விரிந்தது என்பதிலிருந்து ‘நோர்அட்ரினலின் சுரந்தது’ என நேரே முடிவுகட்டும் கட்டுரைகளை எச்சரிக்கையுடனேயே படிக்க வேண்டும்.

2005ஆம் ஆண்டுக் கோட்பாடு

கேரி ஆஸ்டன்-ஜோன்ஸும் ஜொனாதன் கோஹனும் 2005இல் முன்வைத்த தகவமை உருப்பெருக்கக் கோட்பாடு, ஹெப்பின் கிடைக்கோட்டுக்கு முதன்முறையாக அளக்கத்தக்க பொருளைத் தந்தது. லோகஸ் செருலியஸ் மூளைத்தண்டின் மேற்பகுதியில் இருபுறமும் அமைந்த சிறு திரள். மனிதரில் அதன் அணுக்கள் சில பத்தாயிரங்களே. அதன் இழைகளோ மூளை முழுதும் பரவுகின்றன. அவ்வணுக்களுக்கு இருவகை இயக்கம் உண்டு. ஒன்று, தொடர்ந்து நிகழும் அடிநிலை இயக்கம். மற்றொன்று, பொருட்படுத்தத்தக்க ஒன்று தோன்றும் கணத்தில் நிகழும் குறுவெடிப்பு. குரங்குகள் ஒரு குறியை மட்டும் தேர்ந்து வினையாற்றும் பணியில், அடிநிலை மிதமாக இருந்தபோது குறி தோன்றியதும் குறுவெடிப்பு வலுவாக எழுந்தது, பிழைகள் குறைந்தன. அடிநிலை உயர்ந்தபோது குறுவெடிப்பு மங்கிற்று. பொருந்தாத குறிகளுக்கும் குரங்குகள் வினையாற்றின.

இக்கோட்பாட்டின் புதுமை, உயர்ந்த அடிநிலையைக் குறைபாடாகக் கருதாமையில் உள்ளது. கையிலுள்ள பணியின் பயன் குன்றும்போது, அதனை விட்டுப் பிற வாய்ப்புகளைத் தேடுவதே விலங்குக்கு நன்று; கவனம் சிதறுவது அத்தேடலின் புறத்தோற்றம். கவிழ்வளைவின் வலச்சரிவுக்கு இவ்வாறு ஒரு நோக்கம் கற்பிக்கப்படுவது கோட்பாட்டளவில் பெரும் முன்னேற்றம்.

ஆயினும் ஆசிரியர்கள் தம் முடிவைக் கவிழ்வளைவாகவே வரைந்து, யெர்கீஸ், டாட்சன் பெயர்களோடு இணைத்தது தேவையற்ற கொடை. அவர்தம் கோட்பாட்டில் மாறிகள் இரண்டு: அடிநிலையும் குறுவெடிப்பும். அவற்றை ஒரே கோட்டில் கிடத்தியதால், படிப்பவர் மீண்டும் பழைய ‘கிளர்வு’க்கே திரும்பிவிடுகிறார். மேலும், லோகஸ் செருலியஸ் முழுதும் ஒரே குரலில் பேசுகிறது என்னும் முற்கோள் இதில் அடங்கியுள்ளது. 2018இல் எலிகளில் பல அணுக்களை ஒருங்கே பதிவுசெய்த ஆய்வு, அவ்வணுக்களிடையே ஒத்தியக்கம் மிகக் குறைவு எனக் காட்டியது. ஒரு திரளுக்குள்ளேயே குரல்கள் பல எனின், மூளை முழுமைக்கும் ஒரே அளவு என்பது மேலும் நலிகிறது.

முயற்சி எரிபொருளா?

கிளர்வோடு ஒட்டிவரும் மற்றோர் உருவகம், முயற்சியை எரிபொருளாகக் காண்பது. நெடுநேரம் சிந்தித்தால் ‘சக்தி தீர்ந்துவிடுகிறது’ என்கிறோம். உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வில் உடலின் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைச் செலவிடுவது உண்மை. ஆனால் கடினமான பணி ஒன்றில் ஈடுபடும்போது ஏற்படும் கூடுதல் செலவு, மார்கஸ் ரைக்கிலின் மதிப்பீட்டின்படி, 5 விழுக்காட்டுக்கும் குறைவு. மனவலிமை செலவழிந்து தீரும் என்ற கருத்தை 23 ஆய்வகங்கள் ஒரே முறையில் சோதித்து 2016இல் வெளியிட்ட முடிவில் விளைவு சுழியை ஒட்டியிருந்தது.

அங்ஙனமாயின் முயற்சி ஏன் துன்பமாகத் தோன்றுகிறது? வெஸ்ட்புரூக்கும் உடன் ஆய்வாளர்களும் 2020இல் வெளியிட்ட ஆய்வு ஒரு வழி காட்டுகிறது. டோபமின் உற்பத்தி மிக்கவர்கள் கடினமான பணியை ஏற்க மிகுதியும் முன்வந்தனர். உற்பத்தி குறைந்தவர்களுக்கு மெத்தில்பெனிடேட் அளித்தபோது அவர்களும் முன்வந்தனர். கிடைக்கும் பயனின் எடை அவர்தம் கணிப்பில் கூடியதே காரணம் என ஆய்வாளர் விளக்கினர். இதன்படி மருந்து அறிவாற்றலைப் பெருக்கியது என்பதைவிட, முயல்வது தகும் என்ற முடிவை எளிதாக்கியது எனல் பொருந்தும். தேர்வுக் காலத்தில் மருத்துவர் பரிந்துரையின்றி ஊக்கி மருந்து நாடும் மாணவர்கள் உலகெங்கும் உள்ள நிலையில், இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று.

தமிழில் எழுதும்போது

இக்கருத்தைத் தமிழில் எழுதுவோர்க்கு முன்னுள்ள சொற்கள் சில. ‘கிளர்ச்சி’ பொதுவழக்கில் போராட்டத்தைக் குறிக்கும். ‘விழிப்பு’ உறக்கத்தின் எதிர்நிலையைக் குறிப்பதோடு ‘விழிப்புணர்வு’ என்பதன் வழியே அறிதலையும் குறிக்கிறது. ‘தூண்டல்’ எளிதாகத் தோன்றினும், உளவியலில் ‘தூண்டல்–துலங்கல்’ என்னும் இணை முன்பே நிலைபெற்றுள்ளது. கிளர்வையும் ‘தூண்டல்’ என எழுதினால், 1908ஆம் ஆண்டுச் சோதனையில் எலிக்கு வெளியிலிருந்து தரப்பட்டதும் 1955இல் மூளைக்குள் கருதப்பட்டதும் ஒன்றாகிவிடும். ஆங்கிலத்தில் ஐம்பதாண்டுகளில் நடந்த பெயர்மாற்றம் தமிழில் ஒரே சொல்லில் நடந்து முடிந்துவிடும்.

திருக்குறளில் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன; மறதியால் வரும் சோர்வுக்குப் பொச்சாவாமை எனத் தனி அதிகாரமும் உண்டு. நோர்அட்ரினலினை வள்ளுவர் அறிந்திருந்தார் என்று நிறுவ முற்படும் கட்டுரை எதுவும் இத்துறைக்கு உதவாது. இங்குக் கொள்ளத்தக்கது சொல்வளம் ஒன்றே. ஊக்கம், மடி, ஆள்வினை, பொச்சாப்பு ஆகியவற்றைத் தனித்தனிச் சொல்லால் வேறுபடுத்திய மொழியில், அவை யாவற்றையும் ‘கிளர்வு’ ஒன்றில் அடைக்கும் தேவை இல்லை.

ஆகவே உறக்கம்–விழிப்பு அச்சுக்கு ‘விழிப்பு’ என்றும், இதயம், தோல் ஆகியவற்றில் அளக்கப்படும் உடல்நிலைக்குக் ‘கிளர்வு’ என்றும், பணியின் கடினத்துக்கேற்ப எழுவதற்கு ‘உளமுயற்சி’ என்றும், அதனை ஏற்கும் விருப்பத்துக்கு ‘முனைப்பு’ என்றும் வேறுபடுத்தி வழங்கலாம். ஆய்வு ஒன்றை மேற்கோளாகக் காட்டும்போது அளக்கப்பட்டது கண்மணி விட்டமாயின் ‘கண்மணி விட்டம்’ என்றே எழுதுதல் வேண்டும். கவிழ்வளைவை வகுப்பில் வரையும் ஆசிரியர், அதன் கிடைக்கோட்டின் கீழ் 1908ஆம் ஆண்டுக்குரியதாயின் ‘மின்னதிர்ச்சியின் வலிமை’ என்றும், 2005ஆம் ஆண்டுக்குரியதாயின் ‘லோகஸ் செருலியஸின் அடிநிலை இயக்கம்’ என்றும் எழுதலாம். தேர்வு எழுதும் மாணவரை அவ்விரு கோடுகளுள் எதில் நிறுத்துவது என்னும் வினா அப்போது வகுப்பிலேயே எழும்.